கார் ஓனருக்குப் போன சம்மன் திரும்பிவிட்டது, 3 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் கணவர் கொத்தனார். 2024 ஆகஸ்டில் வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது கார் இடித்து வலது தொடை எலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு வயது 38. பிளேட் வைத்திருக்கிறார்கள். தரையில் நடக்கிறார். ஆனால் சாரம் ஏற முடியவில்லை, குத்துக்காலிட்டு உட்கார முடியவில்லை. மெடிக்கல் போர்டில் 30 சதவீத ஊனம் என்று கொடுத்திருக்கிறார்கள். டிசம்பரில் கேஸ் போட்டோம். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வந்துவிட்டார். கார் ஓனருக்குப் போன சம்மன் மட்டும் இரண்டு முறை திரும்பிவிட்டது. வாய்தா வாய்தாவாகப் போகிறது. "ஓனர் கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது, 3 லட்சத்துக்கு முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பதில்:

சகோதரி, ஓனர் கிடைக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது என்பது தவறு. அந்தப் பயத்தில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். விபத்து நடந்த நாளில் காருக்கு இன்சூரன்ஸ் இருந்தால், பணம் கொடுக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கம்பெனிதான். அவர்கள் ஏற்கெனவே ஆஜராகிவிட்டார்கள். ஓனர் வராமலே உங்கள் வழக்கு நடக்கலாம், தீர்ப்பும் வரலாம். அவருக்கு முறைப்படி சம்மன் சார்வு ஆகியிருக்க வேண்டும் (அதாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்), அவ்வளவுதான். ஒருவருக்குத் தெரிவிக்காமல் அவர்மேல் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படை. தெரிவித்த பிறகும் வராதவருக்காக வழக்கு காத்திருக்காது.

முதலில் திரும்பி வந்த கவரை உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். தபால்காரர் பேனாவால் எழுதிய ஒரு வரியும் தேதியும் அதன் மேல் இருக்கும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டும். 'வாங்க மறுத்தார்' என்று இருந்தால், சம்மன் போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளும்படி கோர்ட்டைக் கேட்கலாம். மறுத்தவருக்கு மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 'வீடு பூட்டியிருக்கிறது' என்றால் தபாலை விட்டுவிட்டு அமீனா (சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் ஊழியர்) மூலம் அனுப்பச் சொல்ல வேண்டும். அமீனா நேரில் போவார். ஓனர் இல்லையென்றால் வீட்டில் கூடவே இருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் கொடுக்கலாம், மனைவியோ மகளோ வாங்கினாலும் செல்லும். வேலைக்காரரிடம் கொடுத்தால் செல்லாது. யாரும் வாங்கவில்லையென்றால் கதவில் ஒட்டிவிட்டு, எந்த நாளில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியது யார் என்பதை எழுதிக் கோர்ட்டில் தாக்கல் செய்வார்.

'அந்த முகவரியில் இல்லை' என்று வந்திருந்தால் அதே முகவரிக்கு மூன்றாவது முறை அனுப்புவது வீண். இந்த மாதிரி வழக்குகளில் மாதக்கணக்காக நேரம் போவது இங்கேதான், என் வருத்தமும் இதுதான். முகவரி எஃப்.ஐ.ஆரில் மட்டும் இருப்பதில்லை. ஆர்.சி. புத்தகத்தில், இன்சூரன்ஸ் பாலிசியில், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையில், போலீஸ் குற்றப்பத்திரிகையில் எல்லாம் இருக்கும். நான்கிலும் ஒரே முகவரிதான் இருக்கும் என்பதில்லை. பாலிசி நகல் எதிர்த்தரப்பு வக்கீலிடமே உண்டு, கோர்ட் மூலம் கேட்டு வாங்கலாம். "காரை எப்பவோ வித்துட்டேன்" என்று ஓனர் சொன்னாலும் கலங்க வேண்டாம். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

இதுவும் பலிக்கவில்லை என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 5, ரூல் 20-இன் கீழ் ஒரு மனு. ஆள் வேண்டுமென்றே தவிர்க்கிறார், அல்லது சாதாரண வழியில் சார்வு செய்ய முடியவில்லை என்று காட்டினால், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கவோ, கடைசியாகக் குடியிருந்த வீட்டிலும் கோர்ட்டிலும் ஒட்டவோ உத்தரவு கிடைக்கும். அதுவும் சார்வுதான். அந்த வாய்தாவில் பெயரைக் கூப்பிட்டும் வரவில்லையென்றால் அவரை எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாதவர்) ஆக்கிவிட்டு, அவர் இல்லாமலே விசாரணைக்குப் போய்விடுவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஒவ்வொரு முறை சம்மன் அனுப்பவும் பேட்டா, அதாவது அதற்கான கட்டணம், கட்ட வேண்டும். அதைக் கட்டாமல் விட்டால் மனு தள்ளுபடி ஆகலாம். மறுபடி உயிர்ப்பிக்க முடியும், ஆனால் தள்ளுபடியாகிக் கிடந்த காலத்துக்கு வட்டி கிடைக்காது. இழப்பீட்டுக்கு வட்டி பொதுவாக மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கு. ஓனர் ஒளிந்துகொண்டிருந்த காலத்துக்கும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் பக்கத் தவறால் போகும் காலம்தான் நஷ்டம்.

(இதைப் படிக்கும் வண்டி ஓனர்களுக்கு: சம்மனைத் திருப்பி அனுப்பித் தப்பிக்க முடியாது. வாங்கி, ஆர்.சி., லைசென்ஸ், பாலிசி நகல்களுடன் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற தகராறு வந்தால், கடைசியில் சுமை உங்கள் தலையில் விழலாம்.)

சரி, இப்போது 3 லட்சத்துக்கு வருவோம்.

காயத்துக்கான இழப்பீட்டில் பல தலைப்புகள் உண்டு. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்துணவு, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான தொகை, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலி வேதனை, இனிமேல் ஆகப்போகும் சிகிச்சை (பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தால் அதுவும்). இவற்றைவிடப் பெரியது எதிர்கால வருமான இழப்பு. உங்கள் வழக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கோர்ட்டுகளில் ஊனத்துக்குத் தொகை போட இரண்டு வழி உண்டு. ஒன்று, ஒரு சதவீதத்துக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்குவது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 30 சதவீதத்துக்கு ஒன்றரை லட்சம். பில்லும் மற்றதும் சேர்த்தால் 3 லட்சம். உங்களிடம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கில்தான் பேசுகிறார்கள் என்று தோன்றுகிறது. சம்பாத்தியம் பாதிக்காத ஊனத்துக்கு இது பொருந்தலாம்.

இன்னொன்று மல்டிப்ளையர் முறை, அதாவது வயதுக்கேற்ற ஒரு எண்ணால் வருட வருமானத்தைப் பெருக்குவது. 36 முதல் 40 வயது வரை அந்த எண் 15. இது 2009-இன் சரளா வர்மா தீர்ப்பு. சொந்தமாகத் தொழில் செய்யும் 40 வயதுக்குட்பட்டவருக்கு, வருங்கால உயர்வாக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்றது 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. காய வழக்குக்கும் அந்தக் கூடுதல் உண்டு என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

உதாரணத்துக்கு, உங்கள் கணவரின் மாத வருமானம் 15,000 என்று கோர்ட் ஏற்றால், 40 சதவீதம் கூட்டி 21,000. வருடத்துக்கு 2,52,000. 15-ஆல் பெருக்கினால் 37,80,000. அதில் 30 சதவீதம் 11,34,000 ரூபாய். மற்ற தலைப்புகள் தனி.

போர்டு கொடுத்த 30 என்பது உடலின் ஊனம். கோர்ட் பார்க்க வேண்டியது அவருடைய தொழிலுக்கு எவ்வளவு ஊனம் என்பதை. 2010-இன் ராஜ்குமார் தீர்ப்பு இதைத்தான் சொல்கிறது. இடது கை போனால் டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு இழப்பு, அரசு குமாஸ்தாவுக்கு வேலையே போகாமல் இருக்கலாம். சாரம் ஏற முடியாத, குந்த முடியாத கொத்தனாருக்கு என்ன வேலை மிஞ்சும்? தரைமட்டத்தில் கொஞ்சம் பூச்சு வேலை. எனவே 30-க்கு மேலேயே கேட்கலாம். 60 சதவீதம் என்று கோர்ட் ஏற்றால் 22,68,000. எதிர்த்தரப்பு சும்மா இருக்காது. சைக்கிளில் லைட் இல்லை, அவர் மேலும் தப்பு என்பார்கள். அது நிரூபணமானால் அந்தப் பங்கு கழியும். அப்படியும் 3 லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இந்தத் தொகையெல்லாம் சாட்சியத்தில்தான் நிற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு நிமிந்தாள் (கொத்தனாரின் உதவியாள்) வழக்கில் சம்பளச் சீட்டு எதுவும் இல்லை. மேஸ்திரி ஒரு சின்ன நோட்டோடு கூண்டேறினார். அட்டை முழுக்கச் சிமென்ட் கறை. உள்ளே ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஆள் பெயர், நாள் கணக்கு, கூலி, முன்பணக் கழிவு. குறுக்கு விசாரணையில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கேட்டார்கள், அசரவில்லை. அந்தக் கூலியைக் கோர்ட் அப்படியே ஏற்றது. உங்கள் கணவரின் மேஸ்திரியிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கும், அது தொலைவதற்கு முன் பத்திரப்படுத்துங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, ஜி.பே.யில் கூலி வந்திருந்தால் வங்கி ஸ்டேட்மென்ட், இவையும் உதவும். டாக்டர் சாட்சி சொல்லும்போது "சாரம் ஏற முடியுமா, குந்த முடியுமா" என்று நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்யும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. லோக் அதாலத்தில் (சமரசமாக முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) பணம் சீக்கிரம் வரும், வீட்டில் வருமானம் நின்றுபோன குடும்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் அங்கே முடித்தால் மேல்முறையீடு கிடையாது. மேஸ்திரியின் நோட்டையும் மல்டிப்ளையர் கணக்கையும் மேசையில் வைத்துப் பேசுங்கள். அப்போது ஒரு நியாயமான தொகை வந்தால் யோசிக்கலாம்.

உங்களுக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் மற்றவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்: 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் நான்கே மாதத்தில் போட்டுவிட்டீர்கள்.

அடுத்த வாய்தாவுக்கு முன் செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கி, உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள். கடைசி வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். பேட்டா கட்டியாகிவிட்டதா, புது முகவரி தாக்கல் ஆகிவிட்டதா என்று வக்கீலிடம் கேளுங்கள். ஆகவில்லை என்றால், ஆர்.சி.யிலும் பாலிசியிலும் உள்ள முகவரிகளை ஒரு தாளில் எழுதி, நீங்களே அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.