டாக் கமெண்டில் இணைப்புகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜாவாடாக்கில் (ஜாவா நிரலுக்குள் எழுதும் டாக் கமெண்ட் என்ற விளக்கக் குறிப்புகளிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் கருவி) ‘லிங்க்’, ‘ஸீ’ என்று இரண்டு டேக் இருக்கின்றனவே, எதை எங்கே போடுவது?

பதில்: வாக்கியத்துக்கு நடுவில் வரும் பெயருக்கு லிங்க். ஸீ போட்டால் அந்த மெத்தடின் விளக்கத்துக்கு அடியில் தனிப் பட்டியலாக வரும். நான் முடிந்தவரை லிங்க்கைத்தான் பயன்படுத்துவேன். ‘ஓப்பன்’ மெத்தடுக்குக் கீழே ‘க்ளோஸ்’ என்று வெறும் ஸீ இருந்தால், எதற்காக அதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. ‘வேலை முடிந்ததும் க்ளோஸை அழைக்காவிட்டால் ஃபைல் திறந்தே கிடக்கும்’ என்று எழுதி, அதிலுள்ள க்ளோஸுக்கு லிங்க் கொடுத்தால் காரணமும் சேர்ந்தே கிடைக்கிறது. முதல் தடவை வரும்போது கொடுத்தால் போதும். ஸ்ட்ரிங் போல எல்லோருக்கும் தெரிந்த கிளாஸுக்கு லிங்க் வேண்டாம், பெயரை நிரல் எழுத்தில் மட்டும் காட்டும் ‘கோட்’ டேக் போதும்.

கேள்வி: பெயர் மாற்றினால் பழைய இணைப்புகள் சத்தமில்லாமல் உடைந்துவிடுகின்றன. என்ன வழி?

பதில்: பில்டிலேயே (நிரலையும் ஆவணத்தையும் உருவாக்கும் கட்டத்திலேயே) பிடிக்க வேண்டும், ரிவ்யூ செய்பவரின் கண்ணை நம்பாதீர்கள். ஜாவாவில் டாக் கமெண்டுகளில் பிழை தேடும் டாக்லின்ட் இருக்கிறது. சி ஷார்ப்பில் டாக்குமென்டேஷன் ஃபைல் உருவாக்கும் அமைப்பை ஆன் செய்தால்தான் கம்பைலர் உடைந்த ‘சிரெஃப்’ (அங்கே இணைப்பு எதைக் காட்டுகிறது என்று எழுதும் இடம்) பற்றி எச்சரிக்கும். பைத்தானுக்கு ஸ்ஃபிங்ஸ் என்ற ஆவணக் கருவியை வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: ‘நிட்பிக்கி’ என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால், கண்டுபிடிக்க முடியாத பெயரை அது சாதாரண எழுத்தாக அச்சிட்டுவிட்டுப் போய்விடும். அதை ஆன் செய்து, எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றும் ஆப்ஷனையும் சேர்த்துவிடுங்கள். ரஸ்டில் எச்சரிக்கை தானாகவே வரும், ஆனால் டாக் பில்டை ஓட்டினால்தான். அதனால் அதையும் சிஐ-யில் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக ஓடும் சோதனைகளில்) சேருங்கள்.

கேள்வி: ஒரே பெயரில் மூன்று மெத்தட். லிங்க் தவறானதற்குப் போகிறது.

பதில்: பெயருக்குப் பின் அடைப்புக்குறி போட்டு பாராமீட்டர் டைப்புகளை எழுதுங்கள். வெறும் பெயர் மட்டும் இருந்தால் ஜாவாடாக் முதலில் கண்ணில் படுவதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: கோ மொழியில் இந்த வசதி உண்டா?

பதில்: உண்டு. 2022-இல் வந்த 1.19 பதிப்பிலிருந்து பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும்.

கேள்வி: கமெண்டில் லிங்க் கொடுப்பதற்காகவே ஒரு கிளாஸை இம்போர்ட் செய்யலாமா?

பதில்: வேண்டாம். பேக்கேஜோடு முழுப் பெயரை எழுதுங்கள். இல்லையென்றால் நிரல் எங்குமே பயன்படுத்தாத ஒரு கிளாஸை அந்த ஃபைல் சார்ந்திருப்பதுபோலத் தெரியும். அப்புறம் யாராவது ‘தேவையில்லாத இம்போர்ட்’ என்று அதை நீக்க, லிங்க்கும் கூடவே போய்விடும்.