கேள்வி பதில்: முஃபாசாவின் குரல்

கே: 'தி லயன் கிங்' படத்தின் சிங்க ராஜா முஃபாசாவுக்குக் குரல் கொடுத்த ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் சிறுவயதில் திக்குவாய்க்காரர் என்கிறார்களே, உண்மையா?

ப: உண்மை. 1931 ஜனவரி 17 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் அர்காபட்லாவில் பிறந்தவர். தாத்தா பாட்டியோடு மிச்சிகனுக்குக் குடிபெயர்ந்த பிறகு திக்கல் முற்றி, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் பள்ளியில் வாயே திறக்கவில்லை. ஆனால் கவிதை எழுதுவார். கிரேப்ஃப்ரூட் பழத்தைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் பார்த்த ஆசிரியர் டொனால்ட் க்ரவுச், 'நீ எழுதியதுதான் என்றால் பார்க்காமல் சொல்' என்று வகுப்பின் முன் நிறுத்தினார். ஒரு திக்கல்கூட இல்லாமல் சொல்லி முடித்தார் ஜோன்ஸ்.

இதில் மாயம் எதுவும் இல்லை. மனப்பாடமான வரிகளைச் சந்தத்தோடு சொல்லும்போதும், பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும் பலருக்குத் திக்கல் குறையும். சொந்தப் பேச்சுக்குத் திரும்பினால் மீண்டும் வரலாம். ஜோன்ஸுக்கும் அது முழுதாக நீங்கவில்லை. சொல்லைத் தேர்ந்து, நிறுத்தி நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டார். முஃபாசாவின் பேச்சில் நாம் கேட்கும் நிதானம் இந்தப் பழக்கத்தில் வளர்ந்தது என்றே நினைக்கிறோம்.

வீட்டில் திக்கும் குழந்தை இருந்தால் 'மெதுவாகப் பேசு' என்று அதட்டாதீர்கள். அது சொல்ல வரும் சொல்லை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். நீங்கள் மெதுவாகப் பேசுங்கள், அது போதும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

கே: அவரை வெறும் குரல் நடிகர் என்று சொல்லலாமா?

ப: கூடவே கூடாது. அவர் முதலில் மேடை நடிகர். 'தி கிரேட் ஒயிட் ஹோப்' நாடகத்தில் குத்துச்சண்டை வீரராக நடித்து 1969இல் அமெரிக்க நாடக உலகின் டோனி விருது வாங்கினார். அதுவே 1970இல் படமானபோது ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. 1987இல் 'ஃபென்சஸ்' நாடகத்துக்காக இரண்டாவது டோனி. அதில் குப்பை அள்ளும் வேலை பார்க்கும் முன்னாள் பேஸ்பால் வீரர் அவர். தனக்குக் கிடைக்காதது மகனுக்கும் கிடைக்காது என்று அவனை மறிக்கும் தகப்பன். மகனைத் தேற்றும் முஃபாசாவை இதற்கு நேர் எதிரே வைத்துப் பார்த்தால்தான் அவருடைய வீச்சு புரியும். 2011இல் கௌரவ ஆஸ்கர் பெற்றார். 2022இல் நியூயார்க்கின் கார்ட் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள்.

கே: 'ஸ்டார் வார்ஸ்' படங்களின் வில்லன் டார்த் வேடரும் அவர்தானே?

ப: குரல் மட்டும். உடைக்குள் இருந்தவர் டேவிட் ப்ரவுஸ். 1977இன் முதல் படத்துக்கு ஜோன்ஸ் பெற்ற சம்பளம் ஏறத்தாழ 7,000 டாலர். தன் பங்கு வெறும் சிறப்பு ஒலி என்று சொல்லி, முதல் இரண்டு படங்களிலும் தன் பெயரைப் போட வேண்டாம் என்றவர் அவரேதான்.

கே: சிங்கம் வாயசைத்ததைப் பார்த்துப் பேசினாரா, பேசியதைக் கேட்டு வரைந்தார்களா?

ப: பேசியதைக் கேட்டுத்தான் வரைந்தார்கள். அனிமேஷனில் குரல்பதிவு முந்தி. பதிவான வசனத்தை நொடிக்கு 24 ஃபிரேமாகப் பிரித்து, எந்த ஃபிரேமில் உதடு மூடுகிறது, எதில் திறக்கிறது என்று தாளில் குறித்துக்கொண்ட பிறகே பென்சில் எடுப்பார்கள். ஆகவே நடிகர் விடும் மூச்சும் மௌனமும்கூடச் சிங்கத்தின் முகத்துக்கு வந்துவிடும். யானைக் கல்லறைக் காட்சிக்குப் பிறகு, பறவை ஜாஸுவை அனுப்பிவிட்டு மகன் சிம்பாவைக் கண்டிக்கும் இடத்தைப் பாருங்கள். உன்னை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன் என ஒப்புக்கொள்ளும்போது ராஜா குரலை எவ்வளவு தாழ்த்துகிறார்! கர்ஜனையைவிட அந்தத் தாழ்ந்த குரல்தான் முஃபாசா.

டப்பிங்கில் எல்லாம் தலைகீழ். வாயசைவு முடிந்த கதை. சொல்லை அதற்குள் அடக்க வேண்டும். உதடு மூடும் இடத்தில் 'ப', 'ம' வரும் சொல் விழவேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது இன்னொரு சிக்கல். முகம் முதலிலேயே காட்டிவிட்ட உணர்ச்சிக்குச் சொல் பின்னால் ஓடிவரும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் இது நிச்சயம் கெடும். வாக்கியத்தை உடைத்துத் திருப்பிப் போடுபவரே நல்ல வசனகர்த்தா. 2019 மறுஆக்கத்தின் தமிழ்ப் பதிப்பில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், முஃபாசாவின் தம்பியும் வில்லனுமான ஸ்காருக்கு அரவிந்த் சாமியும் பேசினார்கள்.

கே: 1994 படத்தில் காட்டுமாட்டு மந்தை ஓடும் காட்சி கையால் வரைந்ததா?

ப: மாடுகள் கணினியில். இரண்டரை நிமிடக் காட்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. நூற்றுக்கணக்கான மாடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகாமல் விலகி ஓடுவதற்கென்றே தனி நிரல் எழுத வேண்டியிருந்தது.

கே: 2019 படத்திலும் 2024இலும் முஃபாசா யார்?

ப: 2019இல் ஜோன்ஸேதான், பழைய முதன்மைக் குரல்களில் திரும்பி வந்தவர் அவர் ஒருவரே. 2024 செப்டம்பர் 9 அன்று 93 வயதில் காலமானார். அந்த டிசம்பரில் வந்த 'முஃபாசா'வில் இளம் ராஜாவுக்கு ஆரன் பியர் பேசினார். படம் ஜோன்ஸுக்கு அஞ்சலியோடு தொடங்குகிறது.

கே: நிஜத்தில் சிங்க ராஜாவின் மகன் ராஜாவாவானா?

ப: மாட்டான். கூட்டம் பெண் சிங்கங்களுடையது. தாய், மகள், சித்தி என்று அவைதான் தலைமுறையாக நிலைக்கும். ஆண்குட்டி இரண்டு மூன்று வயதில் வெளியேற வேண்டும். வெளியிலிருந்து புதிய ஆண்கள் வந்து கூட்டத்தைப் பிடித்தால் பழையவற்றின் குட்டிகளைப் பெரும்பாலும் கொன்றுவிடும். ஸ்காரின் கொடுமை கற்பனை இல்லை. சிம்பா பிறந்த கூட்டத்துக்கே திரும்பி முடிசூடுவதுதான் கற்பனை.

கே: படத்தின் கர்ஜனையாவது உண்மைச் சிங்கமா?

ப: இல்லை. நிஜச் சிங்கத்தின் குரல்நாண் தடித்து, தட்டையாக, சதுரமாக இருக்கும். அதனால்தான் அதன் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கிறது. ஆனால் 1994 படத்தில் கேட்கும் கர்ஜனை ஃபிராங்க் வெல்கர் என்ற குரல் கலைஞருடையது. இரும்புக் குப்பைத்தொட்டிக்குள் உறுமிப் பதிவுசெய்தார்.