மாமாவுக்கு முதல் காமிக்ஸ்

வணக்கம் சார்,

நான் பள்ளி நாட்களிலிருந்தே காமிக்ஸ் வாசகி. லயன், முத்து இதழ்களில் ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை. என் மாமனார் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். தமிழிலும் ஆங்கிலத்திலும் நிறைய வாசிப்பவர். தன்வரலாறு, போர் நினைவுகள், நாவல் என்று அவர் மேசையில் எப்போதும் நாலைந்து புத்தகங்கள் கிடக்கும். காமிக்ஸ் என்றால் மட்டும் "அது பிள்ளைங்க சமாச்சாரம்மா" என்று ஒதுங்கிவிடுவார். படித்துத்தான் பார்க்கட்டுமே என்று 'இரத்தப் படலம்' கொடுத்தேன். முதல் கதையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று திருப்பித் தந்தார். அப்புறம் 'வாட்ச்மென்' கொடுத்தேன். முதல் அத்தியாயத்தைக்கூடத் தாண்டவில்லை. அவரை எப்படியாவது இந்தப் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்று ஆசை. எதைக் கொடுக்கலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

மாமா கேட்ட அந்த "அவ்வளவுதானா?" முக்கியமான கேள்வி. அதை அவருடைய பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலமெல்லாம் உரைநடை வாசித்தவர் காமிக்ஸைக் கையில் எடுத்தால் கண் நேராக எழுத்துக்குத்தான் போகும். வசனம் எழுதிய ஒரு பலூனைப் படித்ததும் அடுத்த பலூனுக்குத் தாவும். படங்கள் ஓரத்தில் தெரிந்தும் தெரியாமலும் கடந்து போய்விடும். அப்படிப் படித்தால் 48 பக்கக் காமிக்ஸ் ஆல்பத்தில் கிடைப்பது சில பக்க வசனம் மட்டும்தான். 'இரத்தப் படலம்' கதையில் நினைவிழந்து கரையொதுங்கியவனின் முகத்தில் அதன் ஓவியர் வில்லியம் வான்ஸ் வரைந்து வைத்த பயம் அவர் கணக்கில் வரவே இல்லை. அவர் ஏமாந்தது நியாயம்தான்.

ஆகவே அவருக்கான முதல் புத்தகம், படத்தைத் தவிர்த்துவிட்டு ஓட முடியாததாக இருக்க வேண்டும். நாம் சொல்லித்தராமலே, "இங்கே எதையோ விட்டுவிட்டோமே" என்று அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். கூடவே, அவர் ஏற்கெனவே நேசிக்கிற விஷயத்தைப் பற்றியதாகவும் ஒரே நூலாக முடிவதாகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் கொடுத்த இரண்டுமே நல்ல படைப்புகள். ஆனால் 'இரத்தப் படலம்' அசலில் முதல் சுற்று மட்டுமே 19 ஆல்பங்கள் ஓடுகிற கதை. முதல் கதையில் முடிச்சுகள் விழும், எதுவும் அவிழாது. நமக்கு அந்த வரிசையின் மேல் இருக்கும் பிரியத்தில், அடுத்த பாகத்துக்காகக் காத்திருந்த வருடங்களும் சேர்ந்திருக்கின்றன. அதை அவருக்குக் கைமாற்றித் தர முடியாது. 'வாட்ச்மென்' விஷயம் வேறு. சூப்பர் ஹீரோ கதைகளின் அடிப்படையையே கேள்வி கேட்க, ஆலன் மூரும் டேவ் கிப்பன்ஸும் 1986-87இல் செய்த வேலை அது. அந்தக் கதைகளைப் படித்தே இராத ஒருவருக்கு அந்தக் கேள்வி எதற்கு?

என் பரிந்துரை 'மௌஸ்'. ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்தது. முதல் பாகம் 1986இலும் இரண்டாம் பாகம் 1991இலும் நூலாயின. 1992இல் சிறப்புப் புலிட்சர் விருது பெற்றது. போலந்து யூதரான தன் தந்தை விளாடெக்கை உட்காரவைத்து, நாஜி வதைமுகாமான அவுஷ்விட்ஸிலிருந்து எப்படி உயிர் பிழைத்தார் என்று மகன் கேட்டுக் கேட்டுப் பதிவு செய்கிறான். யூதர்கள் எலிகளாகவும் ஜெர்மானியர்கள் பூனைகளாகவும் போலந்துக்காரர்கள் பன்றிகளாகவும் வரையப்பட்டிருக்கிறார்கள். எலியையும் பூனையையும் பார்த்ததும் மாமா "பார்த்தாயா, பிள்ளைங்க சமாச்சாரம்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டும். சில பக்கங்களில் அந்த எண்ணம் போய்விடும், ஏனென்றால் பேசுகிற குரல் வயதான, கஞ்சத்தனமான, மருமகளும் மகனும் சமாளிக்கத் திணறுகிற ஒரு நிஜத் தந்தையின் குரல்.

முதல் பாகத்தில் ஓர் இடம். விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் ஒளிந்திருந்த இடத்தை விட்டு வெளியே வருகிறார்கள். போக்கிடம் இல்லை. சோஸ்னோவியெட்ஸ் ஊரை நோக்கி நடக்கிறார்கள். எங்கே போவது என்று தெரியவில்லை என்கிறது எழுத்து. படத்தில் அவர்கள் நிற்கிற பாதையே ஸ்வஸ்திக வடிவில் கிளை பிரிந்து கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான். எழுத்தை மட்டும் படிப்பவர் இதைத் தவறவிடுவார். ஆனால் அடுத்த பக்கங்களில் போலந்துக்காரர்களாக நடிக்க இருவரும் பன்றி முகமூடி கட்டிக்கொள்வதையும், ஆன்யாவின் கோட்டுக்குக் கீழே எலிவால் நீண்டு தொங்குவதையும் அவரால் பார்க்காமல் இருக்க முடியாது. ஆன்யாவைப் பார்த்தால் யூதப்பெண் என்று எளிதில் தெரிந்துவிடும் என்ற அபாயம் முழுவதும் அந்த வாலில் இருக்கிறது.

வரலாற்று ஆசிரியர் என்று எழுதியிருந்தீர்களே, அவருக்காகவே வரைந்ததுபோல இரண்டாம் பாகத்தில் ஓர் இடம் உண்டு. முகாம் வாசலில் கைதிகளை அணிவகுத்து நடத்தும்போது இசைக்குழு வாசித்தது என்பதற்கு ஆவணச் சான்று இருக்கிறது. மகன் அதைப் படித்திருக்கிறான், தந்தையிடம் கேட்கிறான். எனக்கு அணிவகுப்பு மட்டும்தான் நினைவிருக்கிறது, இசைக்குழு எதையும் பார்க்கவில்லை என்கிறார் தந்தை. ஒரு படக் கட்டத்தில் இசைக்குழு தெளிவாகத் தெரிகிறது. அடுத்த கட்டத்தில் நடந்துபோகிற கைதிகள் அதை மறைத்துவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் அவர்களின் தலைகளுக்கு மேலே வாத்தியங்களின் முனைகள் மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். ஆவணம் ஒன்று சொல்கிறது, சாட்சி வேறொன்று சொல்கிறார். ஸ்பீகல்மேன் இரண்டில் எதையும் அழிக்கவில்லை. இதை உரைநடையில் எழுதினால் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும். இங்கே இரண்டு கட்டங்களில் முடிந்துவிடுகிறது. எழுத்தால் செய்ய முடியாத எதைக் காமிக்ஸ் செய்கிறது என்று யார் கேட்டாலும் நான் இந்தப் பக்கத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

வசனமே இல்லாத புத்தகத்தில் தொடங்கலாமே, படத்தைப் பார்த்தே ஆக வேண்டுமே என்று நண்பர்கள் சிலர் சொல்வதுண்டு. ஷான் டானின் 'தி அரைவல்' அப்படிப்பட்டது. குடும்பத்தைப் பிரிந்து அந்நிய தேசத்துக்குப் பிழைக்கப் போகிற ஒருவனின் கதை, ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு மிகப் பிடித்த நூல்களில் ஒன்று. ஆனாலும் உங்கள் மாமாவுக்கு அதை முதலில் கொடுக்க மாட்டேன். சொல்லில் வாழ்கிறவருக்குச் சொல்லே இல்லாத புத்தகத்தைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் புரட்டி வைத்துவிடுவார். அவரை உள்ளே இழுக்கச் சொல் வேண்டும், நிறுத்தி வைக்கப் படம் வேண்டும். 'மௌஸ்' முடிந்த பிறகு 'தி அரைவல்' கொடுங்கள். முதல் பக்கத்தில் காகிதப் பறவை, கடிகாரம், தொப்பி, குழந்தை வரைந்த படம், தேநீர்க் கெண்டி என்று வீட்டுச் சாமான்கள் கட்டம் கட்டமாக வரும். ஊர் பெயர்ந்தவர் எவரும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள். கண் பழகிவிட்டால் அவரும் நிற்பார்.

என் இரண்டாவது பரிந்துரை 'பீமாயணம்'. அம்பேத்கர் பட்ட தீண்டாமைக் கொடுமைகளை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள் வரைந்தது. ஆங்கிலத்தில் 2011இல் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கட்டங்களே இல்லாமல் பக்கம் முழுக்கப் படம் ஓடும். இதில் பலூன்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். மென்மையாகப் பேசுகிறவர்களின் சொற்கள் பறவை வடிவப் பலூனில் இருக்கும். சாதி விஷம் கக்குகிறவர்களின் பலூனுக்குத் தேள் கொடுக்கு. எழுத்தை மட்டுமே பார்க்கிற கண்ணுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை, ஏனென்றால் இங்கே எழுத்து உட்கார்ந்திருக்கிற இடமே படம்.

மர்ஜான் சத்ராபியின் 'பெர்சபோலிஸ்' நூலும் தமிழில் 'ஈரான்' என்ற தலைப்பில் வந்திருக்கிறது, அதுவும் அவருக்குப் பிடிக்கும். பெஞ்சமின் டிக்ஸும் லிண்ட்சே பொல்லாக்கும் செய்த 'வன்னி' (2019) மட்டும் கொஞ்சம் பொறுத்து வரட்டும். சுனாமி முதல் போரின் கடைசி மாதங்கள் வரை ஒரு தமிழ்க் குடும்பம் அலைகிற கதை. 2008 செப்டம்பரில் ஐ.நா. வன்னியை விட்டு வெளியேறும்வரை டிக்ஸ் அங்கே பணியாற்றியவர். நமக்கு மிக அருகில் நடந்தது, படிக்கக் கனக்கும். அதை வாதத்தில் ஜெயிப்பதற்காக யாருக்கும் கொடுக்கக் கூடாது.

கொடுக்கும் முறை பற்றி ஒன்று. "உலகமே கொண்டாடுகிறது, விருது வாங்கியது" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வரலாறு படித்தவர், விருதைக் கேட்டதும் எடைபோட ஆரம்பித்துவிடுவார். "மாமா, இதில் ஒரு சாட்சியம் வருகிறது, ஆவணத்தோடு முட்டுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று அவர் துறையிலிருந்தே கேளுங்கள். மாமா தினத்தந்தி வாசகரா? கன்னித்தீவைப் பல வருடம் ஒரு கண் பார்த்திருந்தால் கட்டம் விட்டுக் கட்டம் தாண்டுகிற பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை நினைவுபடுத்தினால் கூச்சம் குறையும்.

'மௌஸ்' வாங்கும்போது இரண்டு பாகங்களும் சேர்ந்த பதிப்பையே வாங்குங்கள். முதல் பாகத்தின் முடிவில், ஆன்யா எழுதிய குறிப்பேடுகளைத் தானே எரித்துவிட்டதாக விளாடெக் மகனிடம் ஒப்புக்கொள்கிறார். மகன் அவரைக் கொலைகாரன் என்கிறான். ஒரு மூல ஆவணம் அழிந்துபோனதை வரலாற்று ஆசிரியர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே அவருக்கு இரண்டாம் பாகம் வேண்டியிருக்கும்.