பத்தில் ஒரு பங்கு காரை எந்த வேகத்தில் ஓட்டுவது?

கேள்வி: மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் தடம் மாறும் காருக்காகக் கட்டுப்பாட்டு நிரல் எழுதினோம். அதை 1:10 மாதிரி வண்டியில் மணிக்கு 7.2 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் கொஞ்சமும் அலையவில்லை. இதை நம்பலாமா?
- பொறியியல் மாணவர்

பதில்: நம்ப வேண்டாம். நீங்கள் சோதித்தது ஏறக்குறைய 23 கி.மீ. வேகத்தில் ஊரும் காரை. அந்த வேகத்தில் சுமாரான நிரல்கூட ஒழுங்காகத்தான் தெரியும்.

நீளத்தைப் பத்தால் வகுத்ததால் வேகத்தையும் பத்தால் வகுத்துவிட்டீர்கள். பொருந்த வேண்டியவை அலகில்லாத விகிதங்கள். அவற்றில் முக்கியமானது இது: டயரின் பக்கவாட்டு விறைப்பை (டயர் சறுக்கும் கோணத்துக்கு ஏற்ப எழும் பக்கவாட்டு விசையின் அளவு) முன், பின் அச்சுகளின் இடைவெளியால் பெருக்கி, நிறையாலும் வேகத்தின் வர்க்கத்தாலும் வகுக்க வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனியே வரும் இந்த எண்கள், பெரிய காரிலும் மாதிரியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் சமம் என்றால் வேகத்தை 10-இன் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுக்கலாம். உங்கள் மாதிரி நொடிக்கு 6.3 மீட்டர் ஓட வேண்டும். மாதிரியின் டயரில் அந்த விகிதம் இரு மடங்காக இருந்தால் 8.9 மீட்டர்.

எனவே டயரை அளக்காமல் வேகத்தை முடிவு செய்யாதீர்கள். 2 மீட்டர் ஆர வட்டத்தில் சீரான வேகத்தில் ஓட்டி, மேலே பொருத்திய கேமராவால் வண்டி நோக்கும் திசையையும் நகரும் திசையையும் பதியுங்கள். இவ்விரு திசைகளுக்கும் இடைப்பட்ட சறுக்குக் கோணம் ஓரிரு டிகிரிதான் வரும் என்பதால் அடையாளப் புள்ளிகளை வண்டியின் இரு கோடியிலும் ஒட்டி, பல சுற்றுகளின் சராசரியை எடுங்கள்.

இந்த வேகத்துக்கு நீண்ட கூடம் வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரென்னனும் ஆண்ட்ரூ அலேனும் மாதிரி வண்டிகளை டிரெட்மில் மேல் ஓட்டி ஆராய்ந்தார்கள். தரை நகர, வண்டி நின்ற இடத்திலேயே ஓடும்.

கேள்வி: வண்டி திரும்புவதற்கான நிலைமத் திருப்புத்திறனை, அதாவது திரும்புவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதை, எளிதாக அளக்க முடியுமா?

பதில்: இரண்டு நூல் போதும். ஈர்ப்பு மையத்துக்கு முன்னும் பின்னும் சம தூரத்தில், 30 செ.மீ. இடைவெளியில், 1 மீட்டர் நீள நூல்களால் வண்டியைக் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். 10 டிகிரிக்குள் முறுக்கிவிட்டு, 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுத்து 20-ஆல் வகுங்கள். நிறை, 9.81, நூல் இடைவெளியின் வர்க்கம், அலைவு நேரத்தின் வர்க்கம் ஆகியவற்றைப் பெருக்கி, 157.9-ஆலும் நூல் நீளத்தாலும் வகுத்தால் விடை. 3 கிலோ வண்டிக்கு 20 அலைவுகள் 27.6 நொடி எடுத்தால் 0.032 கி.கி.மீ².

இதை நிறையாலும் அச்சு இடைவெளியின் வர்க்கத்தாலும் வகுங்கள். இடைவெளி 25 செ.மீ. என்றால் 0.17 வரும். நீங்கள் ஒப்பிடும் காரில் அது 0.24 என்று வைத்துக்கொண்டால், மாதிரி தேவைக்கு மேல் சுறுசுறுப்பாகத் திரும்பும். பேட்டரியும் மோட்டாரும் நடுவில் குவிந்திருப்பதே காரணம். ஈர்ப்பு மையத்திலிருந்து 22 செ.மீ. தள்ளி, முன்னே 200 கிராம், பின்னே 200 கிராம் ஈயம் கட்டினால் சரியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் கட்டினால் ஈர்ப்பு மையம் நகர்ந்து வேறொரு விகிதம் கெடும். எடை கூடியதால் டயர் அளவீட்டை அதன் பிறகே செய்யுங்கள்.

கேள்வி: கணினியில் நேராகப் போகும் வண்டி, தரையில் வேகம் கூடியதும் பாம்பாக நெளிகிறது. ஏன்?

பதில்: முதலில் சர்வோவை, அதாவது கட்டளைப்படி சக்கரத்தைத் திருப்பும் மோட்டாரை, பாருங்கள். வேகத்தைப் போலவே நேரமும் 3.16 மடங்கு சுருங்குகிறது. மாதிரியில் 100 மில்லிநொடி தாமதம், பெரிய காரில் 316 மில்லிநொடிக்குச் சமம். 50 ஹெர்ட்ஸில் கட்டளை பெறும் சாதாரண சர்வோவில் அடுத்த கட்டளைக்கே 20 மில்லிநொடி வரை காத்திருக்க வேண்டும். 333 ஹெர்ட்ஸ் ஏற்கும் டிஜிட்டல் சர்வோவுக்கு மாறுங்கள். அனலாக் சர்வோவை அந்த வேகத்தில் இயக்கினால் சூடேறிக் கெடும். பொம்மைக் கார்களில் சர்வோவைக் காக்க வரும் ஸ்பிரிங் கையைக் கழற்றி, கெட்டியான கை போடுங்கள். ஸ்பிரிங் கை வளைவதால் சக்கரம் சொன்ன கோணத்துக்குப் போவதில்லை.

கட்டளை கிளம்பும்போது எரியும்படி ஓர் எல்.இ.டி. வைத்து, சக்கரத்தோடு சேர்த்து நொடிக்கு 240 பிரேமில் போனில் படமெடுங்கள். விளக்கு எரிவதற்கும் சக்கரம் அசைவதற்கும் இடைப்பட்ட பிரேம்களை எண்ணி 4.2-ஆல் பெருக்கினால் மில்லிநொடியில் தாமதம். அந்த எண்ணைக் கணினி மாதிரியில் சேருங்கள். காரணம் தாமதம்தான் என்றால் அங்கும் நெளியும்.