புயலில் மரக்கிளை விழுந்த ஹாட் டப்பைப் பழுது பார்க்கலாமா, மாற்றித்தான் ஆக வேண்டுமா?

ஹாட் டப்பின், அதாவது கொல்லைப்புறத்துச் சுடுநீர்க் குளியல் தொட்டியின், மூடி உடைந்துவிட்டது, உள்ளே என்ன ஆனதென்று தெரியவில்லை, பிரேக்கரை (மின் இணைப்பின் பாதுகாப்பு ஸ்விட்சை) போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். அமெரிக்க வீடுகளில் இந்தத் தொட்டிகளுக்குப் பெரும்பாலும் 240 வோல்ட் இணைப்பே வருகிறது. தண்ணீரும் அந்த மின்சாரமும் சேரும் இடத்தில் சோதனை முயற்சிக்கு இடமில்லை.

2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தபோது ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. எங்கள் கொல்லைப்புறத்து ஓக் மரத்தின் கிளை ஒன்றும் அன்றுதான் தொட்டியின் மேல் விழுந்தது. மின்சாரம் இல்லாதபோதே பிரேக்கரை அணைத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் மின்சாரம் திரும்பிய நொடியில், நீர் மட்டம் இறங்கிய தொட்டியில் பம்ப் வெறுமனே ஓடி எரிந்துபோயிருக்கக்கூடும்.

கிளையை அகற்றும் முன்பே எல்லாப் பக்கங்களிலிருந்தும் படம் எடுத்துவிடுங்கள். மூடி பிளந்திருப்பது பெரிய நட்டமாகத் தெரியும், ஆனால் அது தனியே வாங்கி மாற்றக்கூடிய பொருள். உண்மையான கேள்வி பக்கவாட்டுப் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. நான் அந்தப் பலகையைக் கழற்றியபோது, பம்ப் மோட்டாருக்கு நான்கு விரற்கடை கீழே, வெள்ள நீர் ஏறிய மட்டத்தைக் காட்டும் வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது; அந்தக் கோடு மோட்டாரையும் சர்க்யூட் போர்டையும் தொடவில்லை என்று கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வெள்ள நீரில் மூழ்கிய பிரேக்கரையும் போர்டையும் காயவைத்து மீண்டும் பயன்படுத்தக் கூடாது, அவை வெளிப்பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

அடுத்தது கசிவு. நீர் மட்டத்தில் ஒரு நாடாவை ஒட்டி, தொட்டியை மூடி வைத்து, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிட்டால், பெரும்பாலும் அந்த உயரத்திலுள்ள ஜெட்டிலோ (தண்ணீர் பீச்சும் துளையிலோ) குழாய் இணைப்பிலோதான் கசிவு. இறங்கவே இல்லை, ஆனால் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து இயக்கியபின் இறங்குகிறது என்றால், பம்ப்புக்கு அப்பாலுள்ள அழுத்தக் குழாய்களைச் சந்தேகியுங்கள். எங்கள் தொட்டியில் கிளையின் அதிர்ச்சியில் பம்ப்பின் யூனியன் இணைப்பு, அதாவது குழாயைப் பம்ப்போடு சேர்க்கும் திருகு இணைப்பு, தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். உட்புறத்தில் மயிரிழை போன்ற மேற்பரப்புக் கீறல்களை விட்டுவிடலாம்; நகத்தால் வருடும்போது நகம் சிக்கும் விரிசல், அதிலும் இருக்கைக்கு அடியிலோ அடித்தளத்திலோ ஓடும் விரிசல், கவலைக்குரியது, ஏனென்றால் 400 கேலன் தொட்டியில் தண்ணீர் மட்டுமே சுமார் 1500 கிலோ எடை கொண்டது.

இன்சூரன்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்றில் மரம் விழுந்த சேதத்தை வீட்டு இன்சூரன்ஸ் பொதுவாக ஏற்கும். வெள்ளச் சேதத்தை ஏற்காது. அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீடும் கொல்லைப்புற ஹாட் டப்பை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. எனவே வண்டல் கோட்டையும் கிளை விழுந்த இடத்தையும் தனித்தனியாகப் படம் பிடித்து வைப்பது அவசியம். டெக்சாஸில் புயல் சேதத்துக்கு நாம் ஏற்க வேண்டிய தொகை பல பாலிசிகளில் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கிறது. 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 8000 டாலர். கூரை, வேலி எதற்கும் சேதமில்லாமல் தொட்டிக்கு மட்டும் விண்ணப்பித்தால் கையில் எதுவும் வராமல் போகலாம். ஆகவே பழுதுக்கான மதிப்பீட்டை முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள்.