வயிற்றைப் புண்ணாக்குவது ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியா, நம் எதிர்ப்புச் செல்களா?

தூண்டிவிடுவது கிருமி. ஆனால் சேதத்தில் பெரும்பங்கு நம் செல்கள் செய்வது. நான் இதைத் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

பேத்தாலஜி லேபில் வேலை எனக்கு. எண்டோஸ்கோப்பியில் கிள்ளியெடுத்த இரைப்பைத் துணுக்குகள் வரும், அரிசி மணியைவிடச் சிறியவை. ஜீம்சா சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சளிப் படலத்தில் நீலமாக, வளைந்த சிறு கோடுகள் தெரியும். அதுதான் கிருமி. பெரும்பாலும் அது சளியோடு நின்றுவிடும், சதைக்குள் இறங்காது. கீழே திசுவிலோ வெள்ளையணுக்கள் அப்பிக் கிடக்கும். சுரப்பிச் சுவருக்குள்ளேயே நியூட்ரோபில்கள், அதாவது முதலில் ஓடி வந்து தாக்கும் வெள்ளையணு வகை, புகுந்திருக்கும்.

அவற்றை வரவழைப்பது இரைப்பைச் செல்தான். வீரியமான கிருமி வகைகளிடம் ஊசி போன்ற ஓர் அமைப்பு உண்டு. அது குத்தியதும் செல் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தை வெளியிட்டு ஆள் கூப்பிடும். ஓடி வரும் நியூட்ரோபில்கள் கக்கும் ரசாயனங்கள் சளிக்குள் பதுங்கிய கிருமியை ஒழிப்பதில்லை, பக்கத்திலிருக்கும் நம் செல்களைத்தான் அரிக்கின்றன.

அப்புறம் டி செல்கள். இவையும் இவற்றின் கூட்டாளிகளான பி செல்களும் வெள்ளையணு வகைகள்தான். என்னை உலுக்கியது எலிச் சோதனைதான். டி செல், பி செல் இரண்டும் இல்லாத எலிகளின் இரைப்பையில் கிருமி ஏராளமாகப் பெருகியும் அழற்சி அதிகமில்லை. அதே எலிகளுக்கு டி செல்களை ஏற்றியதும் அழற்சி கிளம்பியது, கிருமியும் குறைந்தது. அழற்சியைத் தூண்டும் காமா இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரக்கும் டி செல்கள் இதில் முக்கியமானவை. இவற்றை அடக்கி வைக்கவும் ஒரு வகை டி செல் இருக்கிறது. கிருமி உள்ள பலருக்கு அல்சர் வராமலே போவதற்கு இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணம்.

அப்படியானால் எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் போதுமா என்று கேட்பார்கள். வேண்டாம், கிருமியை ஒழிப்பதுதான் வழி. மருத்துவர் 14 நாள் எழுதினால் 14 நாளும் மாத்திரை சாப்பிடுங்கள். வலி நின்றதென்று என் சித்தப்பா ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார்; பிறகு பார்த்தால் கிருமி அப்படியே இருந்தது. மறுபடி வேறு மாத்திரைகளோடு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

கிருமி போனதும் எல்லாம் உடனே சரியாகிவிடாது. நியூட்ரோபில்கள் சில வாரங்களில் கலைந்துவிடும். சிகிச்சை முடிந்து பல மாதம் கழித்து வரும் துணுக்கிலும், ஒரு நீலக் கோடுகூட இல்லாத இடத்தில், லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் அடங்கிய வெள்ளையணுக்கள்) இன்னும் கும்பலாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.