மின்சாரத்தையே முடக்கிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் என்ன செய்வது?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவை நான்தான் நிர்வகிக்கிறேன். 2025 மே மாதம் இந்தியா–பாகிஸ்தான் மோதல் நடந்த நாட்களில், நாட்டின் மின்கட்டமைப்பில் 70 சதவீதத்தை இணையவழியாகவே முடக்கிவிட்டார்கள் என்றும், ஏடிஎம்கள் இரண்டு மூன்று நாள் இயங்காது என்றும் செய்திகள் குவிந்தன. பலர் பணம் எடுக்க ஓடினார்கள். இப்படியெல்லாம் உண்மையில் நடக்குமா? மறுபடியும் வந்தால் நான் என்ன செய்ய வேண்டும்? குழுவையே கலைத்துவிடும்படி மகன் சொல்கிறான்.
– வாசகி, கடலூர்

பதில்: நடக்கும், நடந்தும் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு வந்த இரண்டு செய்திகளும் பொய். மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் அந்த நாட்களிலேயே இரண்டையும் மறுத்துவிட்டது.

உண்மையான தாக்குதல் எப்படி இருக்கும் என்பதை உக்ரைனில் பார்க்கலாம். 2015 டிசம்பர் 23 அன்று அந்நாட்டின் மேற்குப் பகுதியில் மின் விநியோக நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில், யாரும் தொடாமலே கணினித் திரையில் சுட்டி தானாக நகர்ந்தது. ஊழியர்களின் கண்ணெதிரே துணை மின்நிலையங்களில் மின்னோட்டத்தை நிறுத்தும் பெரிய சுவிட்சுகளான பிரேக்கர்கள் ஒவ்வொன்றாகத் துண்டிக்கப்பட்டன. அன்று மூன்று நிறுவனங்கள் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. பல மாதங்களுக்கு முன் மின்னஞ்சலில் வந்த, தீநிரல் (கணினிக்குள் புகுந்து கேடு செய்யும் மென்பொருள்) ஒளிந்திருந்த வேர்டு கோப்பை யாரோ திறந்ததுதான் இதற்கெல்லாம் வாசல். ஊழியர்கள் துணை மின்நிலையங்களுக்கு நேரில் சென்று, கையாலேயே இயக்கி, சில மணி நேரத்தில் மின்சாரத்தை மீட்டார்கள்.

இந்தச் சம்பவத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி உண்டு. மின்சாரத்தை நிறுத்திய கையோடு, புகார் மையத்தின் தொலைபேசிகளுக்குப் போலி அழைப்புகளைக் கொட்டி அடைத்துவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று கேட்க முயன்ற மக்களுக்கு இணைப்பே கிடைக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விடை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கணினியைத் தாக்குகிறவனும் வதந்தி கிளப்புகிறவனும் குறிவைப்பது, மக்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியை. ஒருவன் அதை அடைக்கிறான். இன்னொருவன் அதில் பொய்யை நிரப்புகிறான். மஞ்சக்குப்பத்தில் அந்த வழி உங்கள் குழுதான். அதனால் மகன் சொல்வதைக் கேட்க வேண்டாம். நீங்கள் கலைத்தால் ஒரே நாளில் வேறு யாராவது ஒரு குழுவைத் தொடங்குவார்கள். அவர்கள் உங்களைப்போல் நின்று கேள்வி கேட்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

செய்தி வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதன் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்பதை. இருந்தால் அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. அனுப்பிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதன் மூலம் தெரியாது. வீடியோ என்றால் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். குஜராத்தின் ஹசிரா துறைமுகம் தாக்கப்பட்டதாக அதே மே மாதத்தில் பரவிய வீடியோ, 2021 ஜூலையில் ஓர் எண்ணெய் டாங்கர் வெடித்த பழைய காட்சி. கணினி விளையாட்டுக் காட்சிகளைக்கூடப் போர்க்களமாகப் பரப்பினார்கள். குரல் பதிவைத்தான் இப்படித் தேடிப் பார்க்க முடியாது. பேசுவது யார், எந்த ஊர், என்றைக்கு என்ற மூன்றுக்கும் அதிலேயே பதில் இல்லாவிட்டால் அதைக் குழுவில் விடாதீர்கள். பதற்றமான குரல் ஒருபோதும் ஆதாரம் ஆகாது.

எங்கே கேட்பது என்பதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி இயங்காத நேரத்தில் தாள்தான் உதவும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலக எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி போட்ட ஒரு சிறு வானொலிப் பெட்டியும் வீட்டில் இருக்கட்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணை கரை புரண்டதைக் கண்டவர் நீங்கள். அப்படி ஓர் இரவில் ‘அணை உடைந்துவிட்டது’ என்று ஒரு குரல் பதிவு வந்தால், அதைச் சரிபார்க்கும் எண்ணை அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

அரசு மறுத்துவிட்டால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019 அக்டோபரில் கூடங்குளம் அணுமின் நிலையக் கணினிகளுக்குள் ஊடுருவல் நடந்ததாகச் செய்தி வந்தபோது, நிலையத்தின் தரப்பு முதலில் அதைப் பொய்யென்றது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் காணப்பட்டது உண்மை என்றும், உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து தனியானது என்றும் சொன்னது. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் அடுத்த மறுப்பை மக்கள் எளிதில் நம்பியிருப்பார்கள்; அவசர மறுப்பு வதந்திக்காரனுக்குச் செய்யும் உதவி என்று அதிகாரிகளிடமும் சொல்ல விரும்புகிறேன். எனவே மறுப்பையும் வாசித்துப் பாருங்கள்: எதை மறுக்கிறார்கள், எதைப் பற்றி வாய் திறக்கவில்லை? உறுதியாகாதவரை குழுவில் ‘விசாரித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் பகிர வேண்டாம்’ என்று இரண்டே வரி போடுங்கள். பொய்யை மறுக்கும்போது அந்த வீடியோவையே திரும்பப் போடாதீர்கள்.

பதற்றமான நாட்களில் குழு அமைப்புகளுக்குச் சென்று, நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிதானமான இன்னொருவரையும் நிர்வாகியாக்குங்கள்; நீங்கள் தூங்கும் நேரத்திலும் வதந்தி வரும்.

கடைசியாக, உங்கள் கைப்பேசி. உங்கள் கணக்கு திருடப்பட்டால் பொய் உங்கள் பெயரிலேயே போகும். நீங்கள் சொன்னால் ஊர் நம்பும். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இன்றே இயக்குங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம் என்ற பெயரில் ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால், அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் திறக்காமல் அவருக்குப் போன் செய்து கேளுங்கள். திறந்துவிட்டால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வேறொரு கைப்பேசியிலிருந்து இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.